சான்று உடலை விட்டு நீங்கும் முன்: கொடைக்கானல் பாதரசமும் சிவப்பழகு கிரீம்களும்

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருட்கள் வாங்கி விற்கும் கடை ஒன்றில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எடை 7.4 டன். கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே பாதரசம் மின்னிக் கொண்டிருந்தது. அதைப் பிரித்தவர்களிடம் கையுறை இல்லை. அது நஞ்சு என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவும் இல்லை. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் திரண்டு கேள்வி எழுப்பிய பிறகே, செயின்ட் மேரீஸ் சாலையில் இயங்கிவந்த இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது.

இது பலரும் அறிந்த வரலாறு. இதே பாதரசம் இன்று வேறொரு வழியாக நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் கிரீம்களில் அது இருக்கிறது. ஆலைப் பாதரசத்தைக் கையாள ஒரு சட்டம், கிரீம் பாதரசத்தைக் கையாள இன்னொரு சட்டம், மண்ணில் கலந்த பாதரசத்தைக் கையாள வேறொரு வாரியம் என்று அரசு அதைப் பிரித்து வைத்திருக்கிறது. பாதரசத்தைச் சுமக்கும் உடல் ஒன்றுதான். அந்த உடலைப் பற்றிப் பேசும் சட்டம் நம்மிடம் இல்லை. அப்படியொரு சட்டத்தை மாநில அரசால் இயற்ற முடியுமா, முடியுமெனில் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கொடைக்கானல் கற்றுத்தந்த பாடத்திலிருந்து விளக்க முயல்கிறோம்.

அழகுப்பொருள் நிறுவனம் மலையேறிய கதை

அந்த ஆலையைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது முகப்பூச்சுகளுக்கும் பவுடருக்கும் பெயர்பெற்ற பாண்ட்ஸ் நிறுவனம் என்பது பலருக்கு மறந்திருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலையை 1980களின் தொடக்கத்தில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் பழனிமலைக்கு இடம் மாற்றியது. 1987இல் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்துமுடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே சென்றன. ஆலையின் பின்புறம் பாம்பாறு சோலை. அந்தச் சோலையின் நீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. மலையில் தங்கியது கழிவும், ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கே மாறி மாறி வேலை செய்த தொழிலாளர்களின் உடல்களும்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்நிறுவனத்தின் முகப்பூச்சுகளில் பாதரசம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆலையில் நடந்தது தெர்மாமீட்டர் உற்பத்தி. தொழிலாளர்களின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனம் தொடர்ந்து கூறிவரும் நிலைப்பாடு. நாம் இங்கே பார்க்க வேண்டியது, அந்தத் தொடர்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதை.

முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கின் போக்கில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவப் போதிய சான்று இல்லை என்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் 2011இல் அளிக்கப்பட்ட அறிக்கையோ, தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது. ஒரே மனிதர்களைப் பற்றி இரண்டு முடிவுகள் எப்படி வந்தன?

பாதரசத்தின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஆவியாக மூச்சில் ஏறிய பாதரசமும் தோல் வழியே உட்புகுந்த பாதரச உப்பும் நிரந்தரமாக உடலில் தங்குவதில்லை. அதன் அளவு சுமார் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆலை மூடி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருவரின் சிறுநீரைச் சோதித்தால், அதில் பாதரசம் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. சிதைந்த சிறுநீரகமும் நடுங்கும் கையும் மட்டும் மிஞ்சியிருக்கும். அவற்றைப் பார்த்து, இது சர்க்கரையால் வந்திருக்கலாம், இரத்த அழுத்தத்தால் வந்திருக்கலாம், குடியால் வந்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியும். வேலை செய்த காலத்தில் எடுக்கப்பட்ட சோதனை முடிவுகள் தொழிலாளியின் கையில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். பாதரச நச்சு என்பது அன்று நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்; தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியும் தொழில்சார் நோய். சட்டம் இருந்தது. சான்று உடலில் இருந்த காலத்தில் அதைப் பதிந்து தொழிலாளியின் கையில் கொடுக்கத்தான் ஆளில்லை.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. கருணைத் தொகை என்ற பெயரில் பணம் வழங்கப்பட்டது. எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. பொறுப்பு எவர்மீதும் சுமத்தப்படவில்லை. பத்தாண்டுக் காலப் போராட்டத்தின் பயனாக அந்தக் குடும்பங்கள் பெற்ற தொகையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியது கருணையாகக் கிடைத்தால், அடுத்த தொழிலாளிக்கு அது முன்னுதாரணம் ஆகாது.

கிரீமுக்குள் பாதரசம் ஏன் வருகிறது?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாகத் துணைசெய்யும் நொதியைப் பாதரச உப்புகள் முடக்குகின்றன. ஆகவே சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோல் தெரியும். பூசுவதை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும்; எனவே வாங்கியவர் மீண்டும் மீண்டும் வாங்குவார். மிகக் குறைந்த செலவில் விரைவான விளைவைக் காட்டும் பொருள் என்பதால், பெயர் தெரியாத தயாரிப்பாளர்கள் இதைக் கைவிட மறுக்கிறார்கள்.

உட்புகும் பாதரசம் முதலில் குறிவைப்பது சிறுநீரகத்தை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் இருவர், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். வடிகட்டும் சவ்வு பழுதாகிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கால் வீக்கத்தோடும் அசதியோடும் வந்தவர்களிடம், முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதால்தான் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கேள்வி கேட்கப்படாத மருத்துவமனைகளில் எத்தனை பேர் காரணம் தெரியாத சிறுநீரக நோயாளிகளாகப் பதிவாகியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பூசுபவரோடு இது நிற்பதும் இல்லை. பாதரசம் ஆவியாகக் கூடியது. கிரீம் பூசிய கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கும் குழந்தைக்கும், ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும் அது சென்று சேரும். முகம் கழுவிய நீர் ஓடையில் கலக்கும். கர்ப்பிணிகள் பயன்படுத்தினால் கருவுக்கும் கேடு.

பாதரசம் மட்டுமே சிக்கல் என்பதும் இல்லை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு களிம்புகள் சிவப்பழகு மருந்தாகக் கடைகளில் கைமாறுகின்றன. 2018இல் ஒன்றிய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு கட்டாயம் என்ற பட்டியலுக்கு மாற்றியும் அந்த வணிகம் ஓயவில்லை. கண்மையிலும் குங்குமத்திலும் உதட்டுச் சாயத்திலும் ஈயம் கலப்பது பழைய புகார். இருந்தாலும் பாதரசத்தை எடுத்துக்கொண்டு பேசினால் சட்டத்தின் ஓட்டைகள் அனைத்தும் தெரியும் என்பதால் அதையே பின்தொடர்கிறோம்.

நிறத்தின் சந்தையும் சாதியும்

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்பது நம் ஊர்ப் பழமொழி. அதே ஊரில் மணமகள் தேவை விளம்பரத்தில் ‘நல்ல நிறம்’ என்று போடுகிறார்கள். பள்ளியில் கறுத்த பிள்ளைக்கு வைக்கப்படும் பட்டப்பெயர் பெரும்பாலும் சாதிப் பெயரோடு ஒட்டியே வருகிறது. கறுப்பாக இருந்தால் இன்ன தெரு என்று முடிவுகட்டும் கண்கள் கல்லூரி விடுதியிலும் வேலைக்கான நேர்காணலிலும் இருக்கின்றன. வெயிலில் உழைத்தவரின் நிறத்தை இழிவென்றும், நிழலில் இருந்தவரின் நிறத்தை உயர்வென்றும் பிரித்த சமூகத்தில் சிவப்பழகு என்பது வெறும் அலங்காரம் அல்ல. அது இழிவிலிருந்து தப்புவதற்கு விற்கப்படும் நுழைவுச்சீட்டு. ஆகவே, கிரீம் வாங்கும் பெண்ணை அறியாமை மிக்கவர் என்று பழிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. அவர் தம்மீது சுமத்தப்பட்ட அவமானத்துக்குத் தம் கூலியிலிருந்து விலை கொடுக்கிறார்.

விலையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. வசதி உள்ளவர் தோல் மருத்துவரிடம் போகிறார். பெரிய நிறுவனங்களின் பொருட்கள் ஓரளவேனும் சோதனைக்கு உட்படுகின்றன. கூலி வேலை செய்பவருக்கு எட்டும் விலையில் கிடைப்பதோ முகவரி இல்லாத டப்பா. கீழ்ப்பழனி மலைச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்துக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் அப்படியொரு டப்பாவைக் கொண்டுவந்தார். தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, உட்பொருட்களின் பட்டியலும் இல்லை. வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பூசவும் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. “அக்கா, தங்கத்துல படக்கூடாதுன்னு போட்டிருக்கு. மூஞ்சில மட்டும் படலாமா?” என்று கேட்டார். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுக்கும் என்பதால், இத்தகைய எச்சரிக்கை இருந்தாலே ஐயப்பட வேண்டும் என்பது பன்னாட்டுச் சுகாதார அமைப்புகள் சொல்லும் அடையாளங்களுள் ஒன்று. அந்தப் பெண் அறிவியல் நூல் எதையும் படிக்காமலே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இன்றுள்ள சட்டம் சொல்வது என்ன?

1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அழகுசாதனப் பொருட்களையும் உள்ளடக்கியது. அதன் 17இ பிரிவின்படி, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் நச்சுப்பொருள் கலந்த அழகுசாதனம் கலப்படமானது. அதைத் தயாரித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும், ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதன விதிகள், கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களில் கெடாமல் காக்கும் பொருளாகப் பத்து லட்சத்தில் 70 பங்கு வரை பாதரசத்தை அனுமதித்தன. மற்றவற்றில் தற்செயலாகக் கலந்தது பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றன.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்புறுதி செய்தது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை கொட்டிய பாதரசக் கழிவால் மீனவக் குடும்பங்கள் அழிந்த கொடுமையின் நினைவாக அப்பெயர். 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், ஒரு பங்கு என்ற சலுகையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பது என்று முடிவெடுத்தன.

தாளில் இவை வலுவானவை. நடைமுறை வேறு. டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தபோது 14இல் பாதரசம் இருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆப்பரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023 முதல் கடைகளில் சோதனை நடத்திவருகிறது. சில பொருட்களில் அனுமதிக்கப்பட்டதைவிட 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025இல் கேரள அரசு தெரிவித்தது. தேடியதால் கேரளத்தில் கிடைத்தது. எல்லைச் சாவடி தாண்டினால் அந்த டப்பாக்கள் காற்றில் கரைந்துவிடுவதில்லை.

ஓட்டைகள் எங்கே?

முதலாவது, கடை. மருந்து விற்க உரிமம் வேண்டும். அழகுசாதனம் விற்க வேண்டியதில்லை. வளையல் கடையிலும் வாரச் சந்தையிலும் இணையத்திலும் எவரும் விற்கலாம். எந்தக் கடையில் என்ன விற்கிறது என்ற பதிவே இல்லாதபோது மருந்து ஆய்வாளர் எங்கிருந்து தொடங்குவார்?

இரண்டாவது, காலம். உரிமம் வழங்குவதும் மாதிரி எடுப்பதும் மாநிலத் துறையின் வேலைதான். ஆனால் அது நகரும் வேகத்தை மகாராஷ்டிரத்தில் பார்த்தோம். குழந்தைகளுக்கான பவுடர் ஒன்றின் மாதிரி 2018 டிசம்பரில் எடுக்கப்பட்டது. தயாரிப்பு உரிமம் 2022இல்தான் நீக்கப்பட்டது. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆணையையே நீக்கிவிட்டது. தாமதமான நடவடிக்கை நுகர்வோரைக் காப்பதில்லை; நீதிமன்றத்திலும் நிற்பதில்லை.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவர். அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. டயாலிசிஸ் செலவு யாருடையது? இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசத்தைச் சோதிக்கும் வசதி ஒரு மலைவாழ் பெண்ணுக்கு எங்கே கிடைக்கும்? சட்டம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கொடைக்கானலில் நடந்ததே இங்கும் நடக்கிறது. அதிகாரி வருவதற்குள் சான்று உடலை விட்டு நீங்கிவிடுகிறது. டப்பாவும் குப்பைக்குப் போய்விடுகிறது.

மாநில அரசால் என்ன முடியும்?

மருந்துகளும் நஞ்சுகளும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 19ஆவது பதிவு. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் 6ஆவது பதிவு. எனவே மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதம் தவறு. பொதுப்பட்டியலில் ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டத்துக்கு 254(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை, அவ்வளவே. இதே மருந்துகள் சட்டத்தைத் தம் மாநிலங்களுக்கென 1970களில் மேற்கு வங்கமும் உத்தரப் பிரதேசமும் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கின. தமிழ்நாட்டிலும் 2017இல் ஜல்லிக்கட்டுக்காக ஒன்றியச் சட்டத்தை நம் சட்டமன்றம் திருத்தி ஒப்புதல் பெற்றது. காளைக்காகக் கூடிய சட்டமன்றம் பெண்களின் சிறுநீரகத்துக்காகவும் கூடலாம்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக் கூடியதும் உண்டு. 1919ஆம் ஆண்டு நஞ்சுகள் சட்டம், நஞ்சுகளைக் குறிப்பிட்டு அவற்றின் இருப்பையும் விற்பனையையும் முறைப்படுத்தும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமில விற்பனையைக் கட்டுப்படுத்த ஆணையிட்டது; மாநிலங்கள் இந்தச் சட்டத்தின்கீழ்தான் விதிகளை வகுத்தன. கிரீம் தயாரிப்பில் கலக்கப்படும் பாதரச உப்புகளின் விற்பனையை யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று பதிவுசெய்யும் முறைக்குள் கொண்டுவர அதே வழி திறந்திருக்கிறது.

பிற நாடுகளிலும் மாநிலங்கள்தான் முந்தின. அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டம் 1938ஆம் ஆண்டுக்குரியது. அதில் அழகுசாதனங்களுக்கான பகுதி பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றிக் கிடந்தது. மினசோட்டா மாநிலம் 2007இல் சட்டம் இயற்றி அழகுசாதனங்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்தது. கலிபோர்னியா 2020இல் இயற்றிய சட்டம் பாதரசம், பார்மால்டிஹைடு உள்ளிட்ட 24 பொருட்களை 2025 ஜனவரி முதல் தடுத்தது. வாஷிங்டன் மாநிலம் 2023இல் தொடர்ந்தது. கூட்டரசு தன் சட்டத்தை 2022 டிசம்பரில்தான் புதுப்பித்தது. பெரிய அரசு தூங்கும்போது சிறிய அரசு விழித்திருக்க முடியும் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், தடுக்கப்பட்ட பொருள் சட்டம் தளர்ந்த இடத்தைத் தேடிப் போகும் என்பதையும் மறக்கலாகாது. ஒரு தெர்மாமீட்டர் ஆலையே வாட்டர்டவுனிலிருந்து பழனிமலைக்கு வந்திருக்கிறது.

சட்டத்தில் இருக்க வேண்டியவை

தமிழ்நாடு இயற்றும் சட்டத்தில் ஐந்து கூறுகளேனும் இருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

ஒன்று, பாதரசத்துக்கு எந்தச் சலுகையும் அற்ற முழுத் தடை. கண்மைக்கும் விலக்கு கூடாது.

இரண்டு, விற்பனையாளர் பதிவு. சிறு கடைக்காரரை வதைக்கும் உரிமக் கட்டணமாக அது இருக்கக் கூடாது. கட்டணமில்லாப் பதிவும், மொத்த வணிகரிடமிருந்து வாங்கியதற்கான ரசீதை வைத்திருக்கும் கடமையும் போதும். ரசீதைக் காட்டும் சிறு வணிகர் சாட்சியாவார். ரசீது சுட்டும் மொத்த வணிகரும் தயாரிப்பாளரும் குற்றவாளிகளாவர். இல்லையேல் கூடையில் வைத்து விற்கும் பெண்தான் முதலில் கைதாவார்.

மூன்று, காலவரையறை. மாதிரி எடுத்த 30 நாட்களுக்குள் முடிவு. முடிவு வந்தவுடன் பொருளின் பெயரோடும் தொகுதி எண்ணோடும் தமிழில் பொது அறிவிப்பு.

நான்கு, உடலின் பதிவேடு. ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே சிறுநீரைப் பெற்று இலவசமாகச் சோதித்து, முடிவை நோயாளியின் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாத சிறுநீரக நோயோடு வருபவரிடம் கிரீம் பற்றிக் கேட்பது மருத்துவரின் கடமையாக வேண்டும். 2024இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்படும் நிதியில், சேரிகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் பளியர், புலையர் குடியிருப்புகளிலும் இச்சோதனை முகாம்களை நடத்தலாம்.

ஐந்து, மெய்ப்பிக்கும் பொறுப்பை மாற்றுவது. ஒருவர் பயன்படுத்திய பொருளில் பாதரசம் இருந்தது என்று ஆய்வு சொன்னால், அவருடைய சிறுநீரகக் கோளாறு அதனால் வந்ததல்ல என்று மெய்ப்பிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பாக வேண்டும். சிகிச்சைச் செலவை அரசு முதலில் ஏற்று, பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும். கொடைக்கானல் தொழிலாளர்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு விதிதான்.

விளம்பரங்களைத் தனியே கவனிக்க வேண்டும். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில், தோலைச் சிவப்பாக்குவதாகச் சொல்வதையும் சேர்க்கும் வரைவுத் திருத்தத்தை 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்டது. ஆனால் அது சட்டமாகவில்லை. அதே ஆண்டு ஒரு பெரிய நிறுவனம் தன் கிரீமின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது, நிறத்தை வைத்து மனிதரை அளக்கும் சந்தை அப்படியே இருக்கிறது.

சட்டம் வரும்வரை

இன்றுள்ள சட்டத்திலேயே நம் கைக்கு எட்டும் கருவிகள் உள்ளன. கல்லூரி மாணவர் அமைப்புகள் இவற்றை உடனே பயன்படுத்தலாம்.

டப்பாவைப் படியுங்கள். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உட்பொருட்கள், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம்.

மருந்துகள் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, தாம் வாங்கிய அழகுசாதனத்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்தி ஆய்வுக்குக் கொடுத்து அறிக்கை பெறும் உரிமை எவருக்கும் உண்டு. 32ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவரும் அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். இவை பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கும் பிரிவுகள். ஒரு கல்லூரி ஒரு வாரச் சந்தையிலிருந்து பத்து டப்பாக்களை ரசீதோடு வாங்கி ஆய்வுக்கு அனுப்பினால், அந்த மாவட்டத்தின் முதல் பதிவேடு அதுவாகவே அமையக்கூடும். வாங்கிய நாள், கடை, டப்பாவின் படம், பயன்படுத்தியவரின் சோதனை முடிவு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நீதிமன்றத்தில் நாங்கள் கையேந்தி நிற்பது இந்தத் தாள்களுக்காகத்தான்.

மூஞ்சிக்கல் கடையில் கண்ணாடிச் சில்லைப் பிரித்த கைகளைப் பற்றி எந்த ஆவணமும் இல்லை. ஆலையிலிருந்து எடுக்கப்பட்ட சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டபோது ஒவ்வொரு பெட்டிக்கும் எடை குறிக்கப்பட்டது. கழிவுக்கு இருந்த கணக்கு மனிதர்களுக்கு இல்லாமல் போனது. கீழ்ப்பழனியில் எங்களிடம் டப்பாவை நீட்டிய அந்தப் பெண் கிரீம் பூசுவதை நிறுத்திவிட்டார். இன்னும் சில மாதங்களில் அவருடைய சிறுநீரிலிருந்து பாதரசம் வடிந்துவிடும். அதற்குமுன் அவரைச் சோதித்து முடிவை அவர் கையில் கொடுக்கும் அரசு நிலையம் ஒன்று அந்த மலையில் இருக்க வேண்டும். நாம் கேட்கும் சட்டத்தின் முதல் வரி அதுதான்.